கட்டை உலகத்து மாரி

நான் முதன்முதலில் செத்தது பனியில்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் குளிர் தெரியும் என்று சொல்ல முடியாது. மார்கழி விடியலில் கிணற்றடியில் முதல் வாளித் தண்ணீர் தோளில் விழும்போது ஒரு நடுக்கம் வரும், அவ்வளவுதான். ஒரு கணினி விளையாட்டில் என்னை ஒரு வெள்ளை மலையில் இறக்கிவிட்டிருந்தார்கள். வழக்கம்போல மரம் வெட்டத் தொடங்கினேன். திரையின் மூலையில் ஒரு நீலக் கோடு குறைந்துகொண்டே வந்தது. அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கோடு முடிந்த இடத்தில் நானும் முடிந்தேன்.

கட்டாரிலிருந்து அழைப்பில் இருந்த காக்கா, எனக்கு மூத்த ஒரே சகோதரன், சிரித்துக்கொண்டே கேட்டார்.

“நெருப்பு மூட்டல்லியா புள்ள?”

“என்னத்துக்கு? சோறாக்கவா?”

“குளிர் காயிறதுக்கு.”

“அப்பிடியும் ஒண்டு இரிக்கா?”

அதற்குப் பிறகு எத்தனையோ உலகங்களில் செத்துவிட்டேன். மின்னல் விழுந்து மர வீட்டோடு எரிந்திருக்கிறேன். பாலைவனத்தில் தண்ணீர்க் குப்பியை மறந்துபோய் நாவறண்டு விழுந்திருக்கிறேன். ஒருமுறை மணற்புயல் வந்தது. திரை முழுக்க மஞ்சள். என் கையே எனக்குத் தெரியவில்லை. இந்தத் தடவையும் காக்கா சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தன் அறையில், குளிரூட்டிக்குக் கீழே இருந்துகொண்டே, கையால் வாயையும் மூக்கையும் பொத்தியிருந்தார். கட்டட வேலைத்தளத்தில் பழகிய கை அது. “இது சரியாத்தான் செஞ்சிரிக்கானுகள்” என்றார்.

இப்படியான விளையாட்டுகளில் பகைவர் இரண்டு வகை. பல்லும் நகமும் உள்ளவை ஒரு வகை. முகமே இல்லாதவை இன்னொரு வகை: குளிர், காற்று, வெயில், வெள்ளம். என் தோழிகள் முதல் வகையைத்தான் விரும்பினார்கள். வாளை எடுத்து வெட்டினால் கதை முடிந்துவிடும். எனக்குப் பிடித்தது இரண்டாவது. மழைக்கு உங்கள்மேல் கோபம் கிடையாது. உங்களை அதற்குத் தெரியாது. அதனிடம் வெல்ல வேண்டுமென்றால் நிலத்தைப் பார்க்க வேண்டும்: எங்கே மேடு, எங்கே பள்ளம், எங்கே நின்றால் கால் நனையாது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த அந்த நீண்ட மாதங்களில் எனக்கு இந்தப் பைத்தியம் முற்றியது. உம்மா சொன்னது போல, படித்த பிள்ளைக்கு வேலையில்லாவிட்டால் இப்படித்தான்.

இனி இன்னொரு விளையாட்டைச் சொல்ல வேண்டும். சதுரக் கட்டைகளால் ஆன உலகம். மண் ஒரு கட்டை, கல் ஒரு கட்டை, தண்ணீரும் ஒரு கட்டை. எதை வேண்டுமானாலும் பெயர்க்கலாம், எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். அதில் காக்காவும் நானும் எங்கள் ஊரைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமைதான் கட்டுவோம். எங்கள் ஊரில் ஜும்ஆ முடிந்து வாப்பா வீட்டுக்கு வரும்போது, காக்கா இருக்கும் இடத்தில் ஜும்ஆவுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும். அவருக்கு விடுமுறையும் அன்றுதான். இரண்டு தொழுகைகளுக்கும் நடுவில் கிடைத்த அந்த இடைவெளியில்தான் அண்ணனும் தங்கையும் ஒரே மண்ணில் நின்றோம்.

அந்த மண்ணில் காக்கா முதலில் கட்டியது என் வீட்டை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். ஆகவே மகள் பிறந்த நாளிலிருந்தே வாப்பாமார் காணியைப் பற்றி யோசிக்கத் தொடங்குவார்கள், காக்காமார் கடல் கடந்து போவார்கள். என் காக்காவும் அப்படித்தான் போனார். வீடு முடிந்தால் வருவேன் என்பது அவருடைய பேச்சு. பேச்சுக்குச் சொன்னதில்லை, அப்படியே நின்றார். இரண்டு பெருநாள்களுக்கு வரவில்லை. உம்மா அவருடைய சட்டைகளை வெயிலில் போட்டு மடித்து மறுபடியும் அலுமாரியில் வைப்பார். எனக்கு வீடு கட்டுவதற்காகத்தான் அவர் இல்லை என்பது எனக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தெரிந்தது. வீட்டின் மேல் எனக்கிருந்த ஆசையெல்லாம் அவர் வரவேண்டும் என்ற ஆசைதான்.

உண்மையான வீடு பிரதான வீதிக்கு மேற்கே, வயலோரமாக, கிரவல் மண் கொட்டி நிரப்பிய காணியில் எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் இடம் அப்படி: கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒரு சாண் நிலத்தில் நாங்கள் எல்லோரும். காணியின் பின்புறம் ஒரு பழைய வாய்க்கால் ஓடியது. மாரியில் வயல் தண்ணீர் அதன் வழியாகத் தோணாவில் போய் விழும். தோணா என்பது ஊருக்குள்ளே வளைந்து வளைந்து வந்து கடலோரம் முட்டி நிற்கும் நீரோடை. வாயில் எப்போதும் மணல் அடைத்திருக்கும். கோடையில் அந்த வாய்க்காலில் தண்ணீர் இல்லை, ஆட்டுக்குப் புல்தான். அதையும் நிரப்பினால் குசினியை, சமையலறையை, நீட்டலாம் என்று காக்கா வீடு கட்டும் மேசனிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தார். கிரவல் வந்து குவிந்து கிடந்தது.

கட்டை உலகத்திலும் அதேபோல ஒரு ஊர். தொலைபேசி வரைபடத்தையும், ரியூசனுக்குப் போய்வந்த என் கால்களையும் நம்பி நான்தான் நிலத்தை வரைந்தேன். கடல், வீதி, வயல், தோணாவின் ஒவ்வொரு வளைவும். என் வீடு ஒரு வளைவுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் காக்கா அந்த வளைவை மண்ணால் நிரப்பிவிட்டு, வீட்டை அதற்கு மேலே இழுத்துக் கட்டியிருந்தார்.

“முத்தம் கோணலா இரிந்திச்சி. நேராக்கிட்டன்.”

நானும் சந்தோசப்பட்டேன். நேரான முற்றம் யாருக்குத்தான் பிடிக்காது?

மூன்றாவதாக மச்சி சேர்ந்தாள். என் மாமாவின் மகள், என் வயது, வீடு கடற்கரை ஓரம். மாமா கரைவலைக்காரர். இவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். வந்ததும் வராததுமாக ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“கடல் இரிக்கி, ஒரு தோணி இல்ல. இதென்ன ஊர்? மீனெல்லாம் தானா நடந்து சந்தைக்கு வருமா?”

தோணாவின் வாயில், மணல் மேட்டில், அவள் வாடி கட்டினாள். வலை வைக்க ஒன்று, மீன் காயப்போட ஒன்று, சும்மா இருக்க ஒன்று. அந்த மூன்றாவதுதான் மிக அழகாக இருந்தது. பலகை மேசை, மேலே தொங்கும் விளக்கு, கடலைப் பார்த்த சாளரம்.

வானிலையைக் கொண்டுவந்தது நான். அந்த விளையாட்டில் மழை பெய்யும், ஆனால் வெறும் கோடு கோடாகப் பெய்துவிட்டுப் போகும். ஒரு துளி நிலத்தில் தங்காது. யாரோ ஆர்வலர்கள் அதற்கு ஒரு மொட், விளையாட்டின் விதிகளை மாற்றும் ஒரு சிறு நிரல், எழுதி இலவசமாகப் போட்டிருந்தார்கள். அதைப் போட்டால் காற்றுக்குத் திசை வரும், அலை எழும்பும், மழைத் தண்ணீர் பள்ளம் தேடி ஓடி நிறையும், நீரில் நின்ற பயிர் அழுகும், ஊரில் உலாவும் கட்டை மனிதர்கள் நீரில் அதிக நேரம் நின்றால் நோய் பிடித்து விழுவார்கள். எனக்கு அதைப் படிக்கும்போதே கை துறுதுறுத்தது.

காக்கா சம்மதித்தார், இரண்டு சட்டங்களோடு. சேமித்து வைத்த பழைய பிரதியைத் திரும்பப் போடுவதில்லை. மழை பெய்யும்போது உலகத்தை நிறுத்துவதில்லை.

“ஏன் காக்கா? பட்டன் இரிக்கே.”

“ஊருல மழ பேயக்குள்ள ஆரு பட்டன அமத்திற?”

முதலில் வந்தது கடல். இதைக் காக்கா எதிர்பார்த்திருந்தார். எங்கள் ஊரில் காலத்தை இரண்டாகத்தான் பிரிப்பார்கள்: கடல் வருவதற்கு முன், கடல் வந்ததற்குப் பின். காக்கா முன், வாப்பாவின் தோளில் இருந்து அதைப் பார்த்த குழந்தை. நான் பின். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை, ஆனால் கட்டில்கள் எல்லாவற்றிலும் தலைமாடு மேற்கேதான். கண் விழித்தால் கிழக்கு தெரியும். ஆகவே மொட் போட்ட முதல் வாரமே காக்கா கரையோரம் முழுக்கக் கருங்கல் மதில் எழுப்பினார். உயரமான, தடித்த மதில். மச்சியின் வாடிக்கு முன்னால் மட்டும் ஒரு கதவளவு இடம், அதையும் மணல் அடைத்திருந்தது.

வாடைக்காற்று அடித்தது, அலை வந்து மதிலில் மோதி வெள்ளையாக உடைந்து திரும்பிப் போனது. நாங்கள் மூன்று பேரும் மதில்மேல் வரிசையாக நின்று பார்த்தோம். ஊருக்குள் ஒரு துளி வரவில்லை.

“இனி ஒண்டும் செய்யேலா” என்றார் காக்கா. அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. விளையாட்டுக்கு மிஞ்சிய நிம்மதி.

பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை, மழை வந்தது. காற்றில்லை, இடியில்லை. சும்மா பெய்தது. நாங்கள் கூரை மாற்றிக்கொண்டும் பகிடி பண்ணிக்கொண்டும் இருந்தோம். மச்சிதான் முதலில் கண்டாள்.

“புள்ள, உங்கட வயல்ல தண்ணி நிக்கி.”

திரும்பிப் பார்த்தேன். மேற்கே வயல் இருந்த இடத்தில் ஒரு குளம். அது வீதியைத் தாண்டிக்கொண்டிருந்தது. மேற்கிலிருந்து வந்த தண்ணீர் முழுவதும் ஊருக்குள் இறங்கி, காக்காவின் மதிலில் போய் முட்டி, திரும்பி ஏறியது. கடலை உள்ளே விடாத மதில் மழையையும் வெளியே விடவில்லை. ஊர் ஒரு சட்டியாக நிறைந்துகொண்டிருந்தது.

கடலுக்குப் பயந்தவர்கள் நாங்கள். எல்லோரும் கிழக்கையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டோம்.

“வயலுக்க தண்ணி நிக்கி, வெள்ளாம போகப்போகுது” என்று நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. சாப்பாட்டில் இருந்த வாப்பா சோற்றுக் கையோடு அறை வாசலில் வந்து நின்றார். வாப்பா வயல்காரர்.

“எந்த வயல்?”

“விளையாட்டு வயல் வாப்பா. நீங்க சாப்பிடுங்க.”

அவர் போகவில்லை. திரையைக் குனிந்து பார்த்தார். “வெள்ளாம எண்டா வெள்ளாமதான். முகத்துவாரம் வெட்டல்லியா இன்னம்?”

எங்கள் கரை முழுவதும் மாரி வந்தால் நடக்கும் கதை இது. தண்ணீர் ஏறினால் தோணாவின் வாயில் மணலை வெட்டிக் கடலுக்கு விட வேண்டும். வயல்காரர் இன்றைக்கே வெட்டு என்பார்கள். கரையில் தோணியும் வாடியும் வைத்திருப்பவர்கள் இன்னும் பொறுக்கலாம் என்பார்கள். ஏனென்றால் வெட்டிய வாய் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு பகுதியும் பள்ளிவாசலடியில் கூடிப் பேசி, கடைசியில் மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வரும்.

எங்களுக்குப் பெக்கோ இல்லை. மண்வெட்டிகள் இருந்தன, மச்சியும் இருந்தாள்.

“வெட்டுறெண்டா என்ட வாடிக்கு மற்றப் பக்கம் வெட்டுங்க.”

“மற்றப் பக்கம் பள்ளி இரிக்கி மச்சி” என்றேன்.

“பள்ளிய அதில கட்டினது நீதானே? இந்த நாள் வரும் எண்டு தெரிஞ்சே கட்டிரிக்காய்.”

“அல்லாட வீட்டுக்குமா கணக்குப் பாக்கிறாய்?”

“அல்லாட வீட்டுக்கு இல்ல. உன்ட மூளைக்கு.”

“புள்ளைகள், நான் இப்ப போகணும்” என்றார் காக்கா. அவருடைய பக்கத்தில் ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது. பின்னால் யாரோ கதவைத் தட்டி அழைப்பது கேட்டது. அவர் தன் உருவத்தை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்க வைத்தார். “நீங்களே கதைச்சி முடிங்க. நிப்பாட்டாதீங்க. சட்டம் சட்டம்தான். ஊர் போனாலும் வீட்ட மட்டும் பாத்துக்குங்க.”

அவர் போனார். மழை பெய்தது.

ஊரின் கட்டை மனிதர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். அவர்களுக்கு வீட்டுக்குப் போகத் தெரியும், மேட்டில் ஏறத் தெரியாது. ஒருவர் ரொட்டிக் கடைக்கு முன்னால் அசையாமல் நின்று சிவப்பாக மின்னத் தொடங்கினார். அதுதான் நோயின் அடையாளம்.

“ஊருக்கு நல்லம் மச்சி” என்றேன். “வாடிய நானே திரும்பக் கட்டித் தாறன்.”

“மேச?”

“மேசயும்.”

“விளக்கு?”

“விளக்கும்.”

“சாளரம் கடலப் பாத்து.”

“கடலப் பாத்து.”

வெட்டினோம். அவளே முதல் வெட்டு வெட்டினாள். மணல் விழுந்ததும் தண்ணீர் அவளுடைய வாடிகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டு போனது. அழகான மூன்றாவது வாடி கடைசியாகப் போனது. விளக்கு மட்டும் கொஞ்ச நேரம் கடலில் எரிந்துகொண்டிருந்தது.

வாய்ப்பக்கத்தில் தண்ணீர் வேகமாக இறங்கியது. பள்ளியின் படி தெரிந்தது. ஆனால் வீதிக்கு மேற்கே ஒன்றும் இறங்கவில்லை. ரொட்டிக் கடைக்காரர் இன்னும் மின்னிக்கொண்டிருந்தார். வயல் அப்படியே குளம்.

“என்ன புள்ள, என்ட வாடிய வெட்டி என்ன நடந்திரிக்கி?”

எனக்கும் விளங்கவில்லை. முகத்துவாரத்திலிருந்து தோணா வழியே மேற்காக நடந்தேன். ஓடை இருந்தது, ஓடை இருந்தது, பிறகு இல்லை. அது முடிந்த இடத்தில் ஒரு சுவர். வெள்ளைச் சுவர், நீலச் சாளரம். என் வீடு.

சுற்றி மறுபக்கம் போனேன். அங்கே தோணாவின் மற்றப் பாதி, என் வீட்டின் முதுகில் சாய்ந்துகொண்டு, கரைமுட்ட நின்றது. நேரான முற்றத்துக்குக் கீழே அந்த வளைவு புதைந்து கிடந்தது. மேற்கிலிருந்த தண்ணீருக்குக் கடலுக்குப் போக ஒரே வழிதான். அந்த வழியில் காக்கா எனக்கு வீடு கட்டியிருந்தார்.

மச்சியும் வந்து பக்கத்தில் நின்றாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது.

“என்ட வாடிய வெட்டக்குள்ள ஊருக்கு நல்லம் எண்டு சென்னாய்” என்றாள். குரலில் குத்தல் கூட இல்லை, சும்மா ஞாபகப்படுத்தினாள். அதுதான் அதிகமாகச் சுட்டது.

“காக்கா வரட்டும். கேட்டுட்டு வெட்டுவம்.”

“வரக்குள்ள ஊராக்கள் ஒருத்தரும் மிஞ்சமாட்டாங்க. மறுகா ஆருக்கு ஊர்?”

வாப்பா இன்னும் வாசலில்தான் நின்றார். கையில் சோறு காய்ந்துவிட்டது. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கை கழுவப் போய்விட்டார்.

நான் வீட்டுக்குள் போனேன். மண்டபத்தின் தரையில் காக்கா சிவப்பும் வெள்ளையுமாக மாறி மாறிக் கல் பதித்திருந்தார். எங்கள் வீட்டு விறாந்தைத் தரை அப்படித்தான். எத்தனை வெள்ளிக்கிழமைகள் அந்தத் தரையில் போயின என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த வெள்ளிக்கிழமைகளில் எல்லாம் நான் கூட இருந்தேன். இது முடிந்தால் அவர் வருவார் என்று எங்கோ ஒரு மூலையில் நான் நம்பியிருந்திருக்க வேண்டும். கட்டை வீட்டுக்கும் கல் வீட்டுக்கும் வித்தியாசம் தெரியாத வயசில்லை எனக்கு. ஆனாலும் பிக்காசைத் தூக்க முடியவில்லை.

மண்டபத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து டொக், டொக் என்று சத்தம் வந்தது. மச்சி பின்சுவரில் தொடங்கியிருந்தாள். நானும் முன்பக்கத்திலிருந்து தொடங்கினேன். சிவப்புக் கல், வெள்ளைக் கல், சிவப்புக் கல். அதற்குக் கீழே மண். அதற்குக் கீழே, நான் முதல்முதலில் வரைந்த மணல்.

“முன்கதவக் கழட்டி வை” என்றாள் மச்சி. “நல்ல கதவு.”

கழற்றி வைத்தேன். கடைசிக் கட்டை விழுந்ததும் தண்ணீர் முதலில் ஒரு நூலாக வந்தது. பிறகு மண்டபம் இருந்த இடம் முழுக்க ஓடியது. இரண்டு பக்கமும் ஒவ்வோர் அறை மிஞ்சியது, நடுவில் தோணா. கொஞ்ச நேரத்தில் வீதி தெரிந்தது, வரம்பு தெரிந்தது, ரொட்டிக் கடைக்காரர் மின்னுவதை நிறுத்திவிட்டுக் கடைக்குள் போனார். அழுகாத வெள்ளாமை கொஞ்சம் மிஞ்சியிருந்தது.

காக்கா ஜும்ஆ முடித்துத் திரும்பி வந்தார். நாங்கள் இருவரும் மறந்துபோன ஒன்று: விளையாட்டைவிட்டுப் போகிறவர் மறைந்த இடத்திலேயே திரும்பத் தோன்றுவார், காக்கா போகும்போது கட்டிலில் படுத்திருந்தார். அந்தக் கட்டில் மண்டபத்து மூலையில் இருந்தது. வந்தவர் நேரே தண்ணீரில் விழுந்தார். இழுத்துக்கொண்டு போனது, வீதிக்குக் கீழால், பள்ளியைத் தாண்டி, முகத்துவாரத்தால் கடலுக்குள்.

“தங்கச்சி” என்றார், மிதந்துகொண்டே. “வீடு எங்க?”

மச்சி தொலைபேசியைத் தள்ளிவைத்துவிட்டுச் சிரித்தது எனக்குக் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். வேகமாகச் சொன்னேன், மூச்சு விடாமல், பரீட்சையில் நேரம் முடிகிற மாதிரி. அவர் கரையேறி, நடந்து வந்து, தண்ணீர் ஓடிய இடத்தில் நின்றார். அவருடைய உருவம் இந்தப் பக்க அறையைப் பார்த்தது, அந்தப் பக்க அறையைப் பார்த்தது.

“நான்தானே நிரப்பினன்?”

“ஓம் காக்கா.”

“முத்தம் நேரா இரிக்கணும் எண்டு.”

“ஓம்.”

பிறகு வேறொரு குரலில் கேட்டார்.

“காணிக்குப் பின்னால இரிக்கிற வாய்க்கால மேசன் நிரப்பிட்டாரா?”

விளையாட்டின் தண்ணீருக்கு எங்கள் ஊரைத் தெரியாது. அது ஒரு கணக்கு, அவ்வளவுதான். நான் வரைந்த நிலமும் அரைகுறை. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். ஒரு மொட் காட்டியதை மட்டும் நம்பி அவரை முடிவெடுக்க விடக்கூடாது என்று எனக்குப் பட்டது.

“அது எனக்குத் தெரியும்” என்றார். “நான் இதில செஞ்சதத்தான் அங்கயும் செய்யச் சென்னன். அது பொய்யில்லியே. நிரப்பிட்டாரா?”

“இன்னமில்ல. கிரவல் கிடக்கு.”

“வாப்பாட்ட குடு.”

வாப்பாவிடம் பேச அதிக நேரம் பிடிக்கவில்லை. வயல்காரருக்கு வாய்க்காலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? மகன் வெளிநாட்டிலிருந்து ஆசையாகச் சொன்னதை மறுக்க மனமில்லாமல் அவர் சும்மா இருந்திருக்கிறார். அவ்வளவு பெரிய ஒரு மௌனத்தை அவர் ஒரு “ம்” என்ற சத்தத்தில் முடித்தார். கஷ்டம் உம்மாவோடுதான். உம்மாவுக்கு அந்தப் பெரிய குசினி ஒரு கனவு.

“பின்னால நீட்டாம குசினி எப்பிடி?” என்றார் உம்மா, தொலைபேசியை நோக்கி. “நாளைக்கு மாப்புள வீட்டாக்கள் வந்தா எங்க நிண்டு ஆக்கிற? கூரைலயா?”

“எனக்குச் சின்னக் குசினி போதும் உம்மா” என்றேன். என் வீட்டைப் பற்றி நான் வாய் திறந்தது அன்றுதான் முதல்.

“உனக்கு ஆக்கத் தெரியா. அதான் போதும் எங்கிறாய்.”

வாப்பா சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை.

“உம்மா” என்றார் காக்கா. “அந்தத் துண்டக் கட்டாட்டி மாரிக்கு முன்னம் கூரையப் போட்டு முடிச்சிரலாம். மேசனும் அப்பிடித்தான் சென்னார். கூரையப் போட்டா...”

அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. உம்மா முந்தானையால் மேசையைத் துடைத்தார். மேசை சுத்தமாகத்தான் இருந்தது.

“அப்ப நிரப்பாதீங்க” என்றார். “கிரவல முன்னால பாதைக்குப் போடுங்க. குசினி சின்னனா இரிந்தாக் கறியும் சின்னனாவா இரிக்கப்போகுது?”

அந்த ஆண்டின் மாரி பெரிய மாரி இல்லை. ஒரு பின்னேரம் மழை விட்ட பிறகு மச்சியும் நானும் குடையோடு போய்ப் பார்த்தோம். ஓடு போட்ட கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பின்சுவருக்கு அப்பால் வாய்க்காலில் தண்ணீர் மண் நிறமாக, வைக்கோலும் ஒரு செருப்புமாக, தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. நிரப்பியிருந்தால் அது எங்கே ஏறியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஏறாமலும் இருந்திருக்கலாம். மச்சி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “செருப்பு ஒத்தச் செருப்பு” என்றாள்.

காக்கா வருகிற திகதியை இன்னும் சொல்லவில்லை. ஆனால் என்னுடைய கால் அளவைக் கேட்டார், உம்மாவுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் பயணப்பெட்டி கட்டத் தொடங்கியவர்தான் அப்படிக் கேட்பார்.

கட்டை உலகத்தில் அடுத்த வெள்ளிக்கிழமையே வேலை தொடங்கிவிட்டது. முதலில் மச்சியின் வாடி. மேசை, விளக்கு, கடலைப் பார்த்த சாளரம். மதிலில் காக்காவே பெரிய வாயொன்று திறந்தார், திறந்துவிட்டு அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் வீடு. தோணாவை அவர் தொடவில்லை. ஓடைக்கு இந்தப் பக்கம் படுக்கையறை, அந்தப் பக்கம் குசினி, நடுவில் ஒரு பாலம். கழற்றி வைத்த கதவைப் பாலத்தின் தலைப்பில் போட்டார். பாலத்துத் தரையில் சிவப்பும் வெள்ளையுமாகக் கல் பதித்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது.

மச்சி பாலத்தில் நின்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள்.

“ஏன் மச்சான், அங்க கறிய ஆக்கி இஞ்ச கொண்டரக்குள்ள மழ பேஞ்சா, இவள் என்ன செய்யிற?”

காக்கா அடுத்த கல்லை வைத்தார்.

“மூடிக்கொண்டு வரட்டும்.”